மாடி போர்ஷன் வாடகைக்கு விடுறீங்களா?

கீழே குடியிருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விடுபவரா நீங்கள்? 'தெரிஞ்ச பையன்தானே' என்று வாய்ப்பேச்சை நம்பி சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். வாடகை நின்றுபோகும் நாளில்தான் கையில் ஒரு காகிதமும் இல்லை என்பது உறைக்கும்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். '11 மாசத்துக்குத்தானே, பத்திரத்துல எழுதினா போதாதா?' என்று பலர் கேட்கிறார்கள். போதாது. 11 மாத ஒப்பந்தத்துக்கும் இந்தப் பதிவு தேவை. இதற்கென உள்ள அரசு இணையதளத்தில் போன் மூலமே விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தத்தையும் இருவரின் அடையாள ஆவணங்களையும் ஸ்கேன் செய்து கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் எவ்வளவு? ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது.

இரண்டு மாத பாக்கி நின்றால், வீட்டைக் காலி செய்யக் கோரி வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். அதுவரை பொறுமை வேணும். கோபத்தில் கரண்ட், தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள். சட்டம் அதைத் தடுக்கிறது, தப்பு உங்கள் பக்கம் திரும்பிவிடும். வாடகையை வங்கிக் கணக்கிலோ யுபிஐயிலோ வாங்குங்கள். எந்த மாதம் வரவில்லை என்பதை ஸ்டேட்மென்ட்டே சொல்லிவிடும்.