சொட்டினால் அடைக்காதீர்கள்!
வறண்ட சீமையில் 'கீசர்' வாங்கியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மார்கழி மாதம். விடியற்காலை நேரம். அருப்புக்கோட்டையில் ஒரு நெசவாளர் வீடு.

"கீசரில் தண்ணீர் சரியாகச் சுடவில்லை. வந்து பாரப்பா" என்று வீட்டுக்கார அம்மாள் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருந்தார். நானும் கூடப் போயிருந்தேன்.

எலெக்ட்ரீஷியன் குளியல் அறைக்குள் நுழைந்தார். கீசருக்கு அடியில் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. மறுபேச்சுப் பேசாமல் சுவிட்சை அணைத்தார்.

கீசருக்குத் தண்ணீர் போகும் குழாயில் ஒரு பித்தளை வால்வு இருந்தது. அதன் சிறிய மூக்கில் மரக்குச்சியைச் செருகி, துணியைச் சுற்றி, கயிறு போட்டு இறுகக் கட்டியிருந்தார்கள்.

"இதை யார் அடைத்தது அக்கா?"

"நான்தான் தம்பி. சுவிட்சைப் போட்டால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் போகிறது. ஒரு குடம் தண்ணீருக்குத் தெருத் தெருவாக அலைந்தவள் நான். வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டு இருக்க மனசு வருமா?"

"அது வீண் தண்ணீர் இல்லை அக்கா. கீசர் மூச்சு விடுகிறது. நீங்கள் அதன் மூக்கை அடைத்துவிட்டீர்கள்!"

அந்த அம்மாள் திகைத்துப் போனார்.

அவர்மீது குற்றம் சொல்ல முடியுமா? அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் மானம் பார்த்த பூமி. குண்டாற்றில் மணல் தெரியும் நாட்களே அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் மழை தவறினால் ஆண்டு முழுவதும் திண்டாட்டம்தான். தண்ணீரைச் சிந்தக் கூடாது என்பது இங்கே குழந்தைகளுக்கும் தெரியும். அந்த நல்ல பழக்கமே இந்த ஓர் இடத்தில் ஆபத்தாகி விடுகிறது!

ஏன் சொட்டுகிறது?

தண்ணீர் சுட்டால் விரியும். 15 லிட்டர் கீசரில் 25 டிகிரி தண்ணீரை 60 டிகிரிக்குச் சுட வைத்தால், சுமார் 200 மில்லி அதிகமாகும். அதாவது ஒரு டம்ளர்!

அந்த ஒரு டம்ளர் எங்கே போகும்? வந்த வழியே திரும்ப முடியாதபடி வால்வு தடுக்கிறது. ஆகவே அழுத்தம் ஏறியதும், வால்வின் மூக்கு வழியாகச் சொட்டுகிறது. மூக்கை அடைத்தால் அழுத்தம் தொட்டியைத் தாக்கும்.

அதே சமயத்தில், சூட்டைக் கட்டுப்படுத்தும் 'தெர்மோஸ்டாட்'டும் கெட்டுவிட்டால்? தண்ணீர் 100 டிகிரியையும் தாண்டிச் சூடாகும். தொட்டி வெடித்தால், அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி அந்த நொடியே நீராவியாகும். நீராவிக்குத் தண்ணீரைப்போல் சுமார் 1,600 மடங்கு இடம் வேண்டும். சுவர் என்ன ஆகும், உள்ளே இருப்பவர் கதி என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வழி என்ன? வால்வின் மூக்கில் ஒரு சிறு குழாயை மாட்டுங்கள். அதன் நுனியைத் திறந்தபடியே ஒரு வாளிக்குள் விடுங்கள். வால்வும் பிழைக்கும். தண்ணீரும் மிஞ்சும்.

சூடு இல்லாத நேரத்திலும் ஓயாமல் சொட்டினால் வால்வில் பழுது என்று பொருள். அப்போது வால்வை மாற்ற வேண்டும். அப்போதும் அடைக்கக் கூடாது.

இரண்டு எதிரிகள்

சரி, தண்ணீர் ஏன் சுடவில்லை?

எலெக்ட்ரீஷியன் கீசரின் அடிமூடியைக் கழற்றினார். சூடேற்றும் கம்பி வெளியே வந்தது. கம்பியா அது? சுண்ணாம்பில் முக்கி எடுத்த முருங்கைக்காய்போல் இருந்தது!

இந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் உப்புத் தண்ணீர் அதிகம். சோப்பு நுரைக்காது. பருப்பு வேகாது. இத்தகைய தண்ணீரில் கீசருக்கு இரண்டு எதிரிகள் இருக்கிறார்கள்.

முதல் எதிரி சுண்ணாம்புச் சத்து. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் பிரிந்து சுண்ணாம்புக் கல்லாகப் படிகிறது. குடிநீரில் இந்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு தண்ணீர் கிடைக்காத ஊரில் 600 வரை போகலாம். படிவு ஏற ஏறக் கம்பியின் சூடு தண்ணீரில் இறங்காது. தண்ணீர் சுட நேரமாகும். கம்பி தன் சூட்டிலேயே வெந்து வெடித்துவிடும்.

இரண்டாவது எதிரி சாதாரண உப்பு. அது தொட்டியின் இரும்பை அரிக்கும்.

உயிரைக் கொடுக்கும் கம்பி

அரிப்பைத் தடுக்க, பல கீசர்களில் ஒரு மக்னீசியம் கம்பியை வைத்திருக்கிறார்கள். இரும்புக்கு முன்னால் தான் அரிக்கப்பட்டுத் தொட்டியைக் காப்பாற்றுவதே அதன் வேலை.

இந்தத் தந்திரத்தைக் கண்டவர் ஆங்கில விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி. கப்பல்களின் அடியில் பதித்த செப்புத் தகடு கடல் நீரில் அரிக்காமல் இருக்க, இரும்பையோ துத்தநாகத்தையோ சேர்த்து வைக்கலாம் என்று 1824-ல் எடுத்துச் சொன்னார். கப்பலைக் காத்த வித்தை இன்று நம் குளியல் அறையிலும் வேலை செய்கிறது!

ஆனால் கம்பி முழுவதும் கரைந்த பிறகு தொட்டியைக் காக்க ஆள் இல்லை. உப்புத் தண்ணீரில் அது சீக்கிரம் கரையும். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை பார்த்து, மெலிந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். புதுக் கீசர் வாங்குவதைவிட இந்தக் கம்பி மலிவு.

வருஷத்தில் ஒரு நாள்

தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

மின்சாரத்தை மெயினில் நிறுத்துங்கள். தண்ணீர் ஆறட்டும். உள்ளே வரும் குழாயை மூடித் தொட்டியைக் காலி செய்யுங்கள். அந்த 15 லிட்டரைச் சாக்கடையில் விட வேண்டாம். வாசல் தெளிக்க உதவும்.

பிறகு, தெரிந்தவரைக் கொண்டு கம்பியைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். தாமிரத் தவலையைப் புளி போட்டு விளக்குகிறோம் அல்லவா? புளிப்புக்குப் படிவைக் கரைக்கும் குணம் உண்டு. எலுமிச்சை உப்பைக் கரைத்த நீரில் கம்பியை ஊறவைத்தால் படிவு இளகிவிடும். கக்கூஸ் கழுவும் ஆசிட் மட்டும் கூடவே கூடாது. அது உலோகத்தையே தின்றுவிடும்.

திரும்ப மாட்டியதும் முதலில் தண்ணீரை நிரப்புங்கள். வெந்நீர்க் குழாயில் காற்றுப் போய்த் தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். வெறும் தொட்டியில் போட்டால் கம்பி கருகிவிடும்.

சூடும் ஷாக்கும்

60 டிகிரி சூடு போதும். அதற்கு மேல் போனால் படிவு அதிகமாகும். மிகவும் குறைத்தாலும் தொல்லைதான். 1976-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பலரைப் பலி கொண்ட 'லிஜியோனெல்லா' என்ற கிருமி, வெதுவெதுப்பான தண்ணீரில் வளரக் கூடியது. 60 டிகிரியில் அது பிழைக்காது.

ஆனால் 60 டிகிரி தண்ணீர் சில நொடிகளில் தோலை வெந்துபோகச் செய்யும். குழந்தைகளுக்கு வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர்!

2 கிலோவாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்கும் நல்ல எர்த்தும் அவசியம். கம்பி வெடித்தால் மின்சாரம் தண்ணீரில் கசியும். அப்போது காப்பாற்றுவது எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும்தான். அதில் 'டெஸ்ட்' பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

வாளி நிறைந்தது

எலெக்ட்ரீஷியன் வேலையை முடித்தார். குச்சியைப் பிடுங்கி எறிந்தார். சிறு குழாயை மாட்டி வாளிக்குள் விட்டார். சுவிட்சைப் போட்டார்.

சிறிது நேரம் கழித்து, 'டொக்' என்று முதல் சொட்டு விழுந்தது.

அந்த அம்மாள் வாளியை எட்டிப் பார்த்தார். "ஒரு நாளைக்கு எவ்வளவு சேரும் தம்பி?"

"சுட வைக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளர் அக்கா."

"போதும். என் மல்லிகைச் செடிக்கு ஆச்சு!"