மாநில வரி நம்மை இடம்பெயரச் செய்யுமா?

செம்பூர், திலக் நகர், சேடா நகர் பகுதிகளில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களில், பணி ஓய்வு நெருங்கும் வேளையில் ஒரு பேச்சு தவறாமல் எழுகிறது. ‘மும்பையில் வரிச்சுமை மிகுதி, வீட்டை விற்றுவிட்டுக் கோவைக்கோ திருநெல்வேலிக்கோ சென்றுவிட்டால் வரியும் குறையும், செலவும் குறையும்’ என்பதே அப்பேச்சு. கலிபோர்னியாவை விட்டு டெக்சாஸுக்குக் குடிபெயரும் அமெரிக்கச் செல்வந்தர்களைப் பற்றிய செய்திகள் இவ்வெண்ணத்துக்கு மேலும் வலுவூட்டுகின்றன.

செலவு குறையும் என்பது பல குடும்பங்களைப் பொறுத்தவரை உண்மையே. வரி குறையும் என்பது உண்மைதானா? வாழ்நாள் சேமிப்பின் பெரும்பகுதி ஒரு வீட்டில் அடங்கியிருக்கும்போது, இவ்வினாவுக்குத் தெளிவான விடை கண்ட பின்னரே முடிவெடுத்தல் நலம். ஆகவே அதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

அமெரிக்காவின் கதை வேறு

அமெரிக்காவில் மத்திய அரசு விதிக்கும் வருமான வரிக்கு மேலாக, பெரும்பாலான மாநிலங்கள் தமக்கென்று தனியே வருமான வரி விதிக்கின்றன. கலிபோர்னியாவில் அதன் உச்ச விகிதம் 13.3 விழுக்காடு. டெக்சாஸ், புளோரிடா போன்ற மாநிலங்களில் சம்பளத்தின் மீது மாநில வருமான வரியே இல்லை. எனவே அங்கு மாநில எல்லையைக் கடப்பவரின் ஆண்டு வரியில் பெரும் வேறுபாடு உண்டாகிறது.

அத்தகைய நாட்டிலும் மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினார்களா என்றால், ஆய்வுகள் தயங்கியே விடை கூறுகின்றன. நியூ ஜெர்சி மாநிலம் 2004-இல் ஆண்டுக்கு 5 லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்தின் மீதான வரியை 8.97 விழுக்காடாக உயர்த்தியது. கிறிஸ்டோபல் யங், சார்லஸ் வார்னர் என்னும் ஆய்வாளர்கள் இதனை ஆராய்ந்து, வெளியேறியோர் எண்ணிக்கையில் வரி உயர்வின் தாக்கம் மிகச் சிறிதே என்று கண்டனர். பின்னர் நாடு முழுவதற்குமான வரிக் கணக்குகளை யங்கும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்தபோது, ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டுவோரில் நூற்றுக்கு 2.4 பேரே ஓராண்டில் மாநிலம் மாறினர் என்பது தெரியவந்தது. பொதுமக்களிடையே அவ்விகிதம் 2.9. செல்வந்தரே குறைவாக இடம்பெயர்கின்றனர்! தொழில், வாடிக்கையாளர் வட்டம், பிள்ளைகளின் பள்ளி, நட்பு ஆகிய அனைத்தும் அவர்களை ஓரிடத்தில் நிலைநிறுத்துகின்றன.

மறுபக்கமும் உண்டு. கலிபோர்னியா 2012-இல் உச்ச விகிதத்தை 10.3-இலிருந்து 13.3 விழுக்காடாக உயர்த்தியபோது, உயர் வருமானத்தாரில் ஒரு சிறு பகுதியினர் கூடுதலாக வெளியேறினர் என்று ஜோஷுவா ரௌவும் ரயன் ஷ்யூவும் கண்டனர். ஸ்பெயின் நாட்டில் 2011-இல் சொத்து வரி மீண்டும் நடப்புக்கு வந்தபோது மத்ரித் வட்டாரம் மட்டும் அதனை வசூலிக்காது விட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பெருஞ்செல்வர் சிலர் தம் முகவரியை அங்கு மாற்றிக்கொண்டனர். வேறுபாடு பெரிதாகவும், வருமானம் எங்கிருந்தும் பெறத்தக்கதாகவும் இருக்கும்போது வரி ஓரளவு மனிதரை நகர்த்துகிறது என்பதே இவற்றால் நாம் அறிவது.

இந்தியாவில் எல்லை கடந்தால் என்ன மாறும்?

நம் அரசமைப்புச் சட்டத்தின்படி வருமான வரி ஒன்றிய அரசுக்கு உரியது. வேளாண் வருமானம் மட்டுமே மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆகவே ஓய்வூதியம், வைப்புநிதி வட்டி, பங்காதாயம், வாடகை ஆகியவற்றின் மீதான வரி செம்பூரில் எவ்வளவோ அவ்வளவே கோவையிலும். சிக்கிம் மக்களுக்கும் வடகிழக்கின் பழங்குடியினருக்கும் உள்ள விலக்குகள் பிறப்பையும் சமூகத்தையும் பொறுத்தவை. அங்குச் சென்று குடியேறுவதால் நமக்குக் கிடைப்பவை அல்ல. 2017 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள சரக்கு மற்றும் சேவை வரியும் நாடெங்கும் ஒரே விகிதத்தில் விதிக்கப்படுகிறது.

எஞ்சியவை சில வரிகளே. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

தொழில் வரி: அரசமைப்புச் சட்டம் இதற்கு ஆண்டுக்கு ரூ. 2,500 என உச்ச வரம்பு விதித்துள்ளது. மகாராஷ்டிரத்தில் மாதம் ரூ. 10,000-க்கு மேல் சம்பளம் பெறும் ஆண்கள் மாதம் ரூ. 200 வீதமும் பிப்ரவரியில் ரூ. 300-உம் செலுத்துகின்றனர். மாதம் ரூ. 25,000 வரை சம்பளம் பெறும் பெண்களுக்கு 2023 முதல் விலக்கு உண்டு. தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒருமுறை இதனை வசூலிக்கின்றன. அங்கும் உச்சம் ரூ. 2,500 தான். ஓய்வூதியத்தின் மீது இவ்வரி இல்லை.

சொத்து வரி: மும்பை மாநகராட்சி எல்லைக்குள் 500 சதுர அடி வரையிலான குடியிருப்புகளுக்கு 2022 ஜனவரி முதல் சொத்து வரி விலக்கு நடப்பில் உள்ளது. திலக் நகரின் பழைய குடியிருப்புகளில் வாழ்வோர் பலருக்கு இது பொருந்தும்.

மின்சாரம்: மகாராஷ்டிரத்தில் வீட்டு மின்கட்டணத்தின் மீது 16 விழுக்காடு மின்வரி உண்டு. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 அலகுகள் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. இங்குத் தமிழ்நாட்டுக்குச் செல்வோருக்குச் சிறிது ஆதாயமே.

வாகன வரி: இதில் நிலைமை தலைகீழாகிறது. ரூ. 10 லட்சத்துக்கு மேல் ரூ. 20 லட்சம் வரை விலையுள்ள பெட்ரோல் காருக்கு மகாராஷ்டிரத்தில் 12 விழுக்காடு. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட பின் தமிழ்நாட்டில் 18 விழுக்காடு.

பெரிய வரி எது?

மேற்கூறியவை அனைத்தினும் பெரியது, வீடு வாங்கும்போது செலுத்தும் முத்திரைத் தீர்வை. மும்பையில் மெட்ரோ கூடுதல் வரி உட்பட அது 6 விழுக்காடு. பெண்கள் பெயரில் வாங்கினால் 5 விழுக்காடு. பதிவுக் கட்டணம் ரூ. 30,000-க்கு மிகாது. தமிழ்நாட்டில் நிலம், தனிவீடு, மறுவிற்பனைக்கு வரும் வீடு ஆகியவற்றுக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஆக 9 விழுக்காடு. புதிய அடுக்ககக் குடியிருப்புகளின் முதல் விற்பனைக்கு மட்டும் விலைக்கேற்பக் குறைந்த விகிதங்கள் உள்ளன.

ரூ. 80 லட்சம் மதிப்புள்ள தனிவீட்டை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் தீர்வை ரூ. 5,60,000, பதிவுக் கட்டணம் ரூ. 1,60,000, மொத்தம் ரூ. 7,20,000. அதே மதிப்புள்ள வீட்டை மும்பை எல்லைக்குள் ஆண் ஒருவர் பெயரில் வாங்கினால் ரூ. 4,80,000-உம் ரூ. 30,000-உம் சேர்ந்து ரூ. 5,10,000. பெண் பெயரில் வாங்கினால் ரூ. 4,30,000. மாநில வரியை மட்டும் கணக்கிட்டு ஒருவர் ஊர் மாறுவதாயின், அவர் தமிழ்நாட்டிலிருந்து மும்பைக்கு வரவேண்டுமே அன்றி, மும்பையிலிருந்து தமிழ்நாட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை!

ஆயினும் மக்கள் செல்கின்றனர். அதே ரூ. 80 லட்சத்துக்குச் செம்பூரில் கிடைக்கும் இடத்தின் அளவும் கோவையில் கிடைக்கும் இடத்தின் அளவும் ஒன்றல்ல என்பதே காரணம். அவர்களை நகர்த்துவது வீட்டின் விலை, உடன்பிறந்தாரின் அண்மை, பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் சூழும் தனிமை. வரி அன்று.

வந்தபோதும் அவ்வாறே. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிப் பகுதியினர் தாராவிக்கு வந்தனர். அலுவலக வேலைகளை நாடித் தஞ்சை, பாலக்காட்டுக் குடும்பங்கள் மாட்டுங்காவில் குடியேறின. 1950-களில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணு ஆற்றல் ஆய்வு நிலையமும், அவற்றைத் தொடர்ந்து உர ஆலையும் எழுந்தபின் செம்பூரில் தமிழர் தொகை பெருகியது. பின்னாளில் செம்பூரிலிருந்து வாஷிக்கும் நெருளுக்கும் சென்றோர் மாநில எல்லையைக் கடக்கவேயில்லை; 1992-இல் துறைமுக ரயில் தடம் வாஷிக்கு நீண்டதும், அங்குக் கட்டுப்படியான விலையில் வீடு கிடைத்ததுமே அவர்களை ஈர்த்தன.

வரி எவற்றை நகர்த்துகிறது?

வரிக்கு நகர்த்தும் ஆற்றலே இல்லை என்று கூறிவிட முடியாது. மனிதரைக் காட்டிலும் எளிதில் நகரக்கூடியவற்றை அது விரைந்து நகர்த்துகிறது.

முதலாவது, சரக்கு. மும்பை மாநகராட்சி 2017 ஜூன் வரை நகருக்குள் நுழையும் பொருள்களின் மீது நுழைவுத் தீர்வை வசூலித்தது. மான்குர்த், முலுண்ட், தகிசர் சாவடிகளில் சரக்குந்துகள் வரிசையாகக் காத்திருந்ததைச் செம்பூர்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். மலிவான நிலமும் நெடுஞ்சாலை வசதியும் இருந்ததோடு, இத்தீர்வையும் சேர்ந்தே வணிகர்களின் கிடங்குகளைப் பிவண்டியின் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கு இட்டுச் சென்றது. கிடங்குகள் நகர்ந்தன, அவற்றின் உரிமையாளர்கள் மும்பையிலேயே வாழ்ந்தனர்.

இரண்டாவது, முகவரி. வாகன வரி குறைவாக இருந்த புதுச்சேரியில் பொய்யான முகவரி காட்டி விலையுயர்ந்த கார்களைப் பதிவு செய்த செய்தி 2017-இல் பெரிதும் பேசப்பட்டது. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வாகனத்தை அங்கு மறுபதிவு செய்ய வேண்டும் என்பதே சட்டம். இச்சிக்கலைத் தணிக்கவே 2021-இல் ‘பி.எச்.’ வரிசைப் பதிவெண் அறிமுகமானது. அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் கொண்ட நிறுவன ஊழியர்களுக்கும் அது கிடைக்கும்.

மூன்றாவது, காலம். பெருந்தொற்றுக் காலமான 2020 செப்டம்பரில் மகாராஷ்டிர அரசு மும்பையின் முத்திரைத் தீர்வையை 5-இலிருந்து 2 விழுக்காடாக, அவ்வாண்டு டிசம்பர் 31 வரை குறைத்தது. அடுத்த மூன்று மாதங்களுக்கு அது 3 விழுக்காடாக இருந்தது. டிசம்பர் இறுதியில் பதிவு அலுவலகங்களில் கூட்டம் அலைமோதியது. வாங்க எண்ணியிருந்தோர் முன்கூட்டியே வாங்கினர், தயங்கியோர் துணிந்தனர்.

இந்த மூன்றாம் எடுத்துக்காட்டு நமக்கு முக்கியமானது. முத்திரைத் தீர்வை குறைந்தால் மக்கள் வீடு மாறத் துணிகின்றனர் என்றால், அது மிகுதியாக இருக்கும்போது அவர்கள் இருக்கும் இடத்திலேயே தங்கிவிடுகின்றனர் என்பது பொருள். நம் மாநில வரிகளில் பெரியதான இது, மக்களை ஊரைவிட்டு வெளியேறச் செய்வதைக் காட்டிலும் நகரவிடாமல் நிறுத்துவதையே செய்கிறது.

திரும்பி வருதலின் விலை

இதனை மறந்து முடிவெடுப்போர் இருமுறை வரி செலுத்த நேரிடும். கோவையில் ரூ. 80 லட்சத்துக்கு வீடு வாங்கி ரூ. 7,20,000 செலுத்திய ஒருவர், அவ்வூர் ஒத்துவராமல் இரண்டாண்டில் செம்பூருக்கே திரும்பி ரூ. 1.5 கோடிக்கு ஒரு சிறு குடியிருப்பை வாங்குகிறார் என்று கொள்வோம். மீண்டும் ரூ. 9,30,000 செலுத்த வேண்டும். இரண்டும் சேர்ந்து ரூ. 16,50,000. இதற்கிடையே செம்பூரில் விலை ஏறியிருப்பின் அது தனி இழப்பு.

ஆகவே ஊர் மாற எண்ணும் வாடிக்கையாளர்களுக்கு நாம் கூறுவது இதுவே: முதலில் ஓராண்டு வாடகை வீட்டில் வாழ்ந்து பாருங்கள். அக்காலத்தில் செம்பூர் வீட்டை வாடகைக்கு விடலாம். மருத்துவமனை எவ்வளவு தொலைவு, நாள்தோறும் பேசிப் பழக யார் உள்ளனர், கோடையின் வெம்மையை உடல் தாங்குமா என்பவை அந்த ஓராண்டில் தெளிவாகும்.

விற்பதென்று முடிவு செய்தால் கவனிக்க வேண்டிய வரி, மூலதன ஆதாய வரி. இதுவும் ஒன்றிய அரசின் வரியே. விற்பவர் எம்மாநிலத்தவர் ஆயினும் மாறாது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டை விற்கும் இந்தியக் குடியிருப்பாளர், விலைவாசிக் குறியீட்டுச் சரிக்கட்டலின்றி 12.5 விழுக்காடு, அல்லது சரிக்கட்டலுடன் 20 விழுக்காடு என்னும் இரண்டில் எது குறைவோ அதன்படி செலுத்தலாம். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய வீடாயின், அந்நாளில் இருந்த சந்தை மதிப்பையே அடக்க விலையாகக் கொள்ள இடமுண்டு. ஆதாயத்தைக் கொண்டு இரண்டாண்டுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்றாண்டுக்குள் கட்டினாலோ உரிய விலக்கும் உண்டு. புதிய வீடு இந்தியாவில் எவ்வூரிலும் இருக்கலாம். கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வீடு அமையாவிடில், தொகையை வங்கியின் மூலதன ஆதாயக் கணக்கில் செலுத்திவைத்தால் விலக்கு காக்கப்படும்.

விகிதங்கள் அவ்வப்போது மாறக்கூடியவை. பத்திரப் பதிவுக்கு முன் பதிவு அலுவலகத்திலும் பட்டயக் கணக்காளரிடமும் அன்றைய விகிதத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். குடிபெயர்ந்தபின் புதிய முகவரியை வங்கிக் கணக்கிலும், நிரந்தரக் கணக்கு எண்ணிலும், ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்திலும் பதிவு செய்யுங்கள். கணக்கைப் புதிய ஊரின் கிளைக்கு மாற்றினாலும் கணக்கு எண் மாறாது என்பதால் ஓய்வூதிய வரவுக்குத் தடை நேராது.

சொந்த ஊருக்குத் திரும்புவதற்கு நல்ல காரணங்கள் பல உண்டு. மாநில வரி அவற்றுள் ஒன்றன்று.