பீங்கான் துகள் வலுவூட்டிய அலுமினியக் கூட்டுப்பொருள்களின் உற்பத்தி முறைகள்

பீங்கான் துகள் வலுவூட்டிய அலுமினியக் கூட்டுப்பொருள் என்பது சிலிக்கான் கார்பைடு, அலுமினா, போரான் கார்பைடு போன்ற கடினமான துகள்களை அலுமினிய உலோகக்கலவைக்குள் பரப்பி உருவாக்கப்படும் பொருளாகும். அலுமினியம் எடை குறைந்தது. ஆனால் எளிதில் தேயக்கூடியது. துகள்கள் சேர்வதால் அதன் விறைப்பும் தேய்மான எதிர்ப்பும் கூடுகின்றன, வெப்ப விரிவு குறைகிறது. பிரேக் வட்டுகள், மின்னணுக் கருவிகளின் வெப்பம் கடத்தும் அடித்தட்டுகள் போன்றவற்றில் இப்பொருள் பயன்படுகிறது.

அடிப்படைச் சிக்கல்

உருகிய அலுமினியம் பீங்கான் துகளை எளிதில் நனைப்பதில்லை. நனையாத துகள் உருகலுக்குள் செல்லாமல் மேலே ஒதுங்குகிறது அல்லது மற்ற துகள்களுடன் கட்டியாகத் திரள்கிறது. உள்ளே சென்ற துகளும் ஓரிடத்தில் நிற்பதில்லை. உருகிய அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு ஏறத்தாழ 2.4 கிராம், சிலிக்கான் கார்பைடின் அடர்த்தி 3.2 கிராம். எனவே கலக்குவதை நிறுத்தினால் துகள்கள் மெல்ல அடியில் படிகின்றன. துகள்கள் திரண்ட இடத்திலிருந்துதான் பெரும்பாலும் விரிசல் தொடங்கும். துகள்களைச் சீராகப் பரப்பி, உலோகத்துடன் உறுதியாகப் பிணைப்பதே எல்லா உற்பத்தி முறைகளின் நோக்கமாகும்.

கலக்கல் வார்ப்பு

இதுவே செலவு குறைந்த முறையாகும். அலுமினியக் கலவையை மூசையில் உருக்கி, சுழலும் கலக்கியால் நீர்ச்சுழல் போன்ற சுழலை உண்டாக்கி, முன்கூட்டியே சூடேற்றிய துகள்களை அதில் சிறிது சிறிதாகச் சேர்த்து, பின்னர் அச்சில் ஊற்றுவர். சூடேற்றுவதால் துகள்களில் ஒட்டியுள்ள ஈரமும் வாயுக்களும் நீங்குகின்றன. சிறிதளவு மக்னீசியம் சேர்த்தால் நனைதல் மேம்படும். கலக்கும் வேகம் மிகுந்தால் காற்று உள்ளிழுக்கப்பட்டு நுண்துளைகள் உண்டாகும். வேகம் குறைந்தால் துகள்கள் பரவா.

உருகல் அதிக வெப்பத்தில் நீண்டநேரம் இருந்தால் சிலிக்கான் கார்பைடு அலுமினியத்துடன் வினைபுரிந்து அலுமினியம் கார்பைடைத் தருகிறது. இது நொறுங்கும் தன்மையுடையது; ஈரத்தில் சிதையவும் கூடியது. சிலிக்கான் மிகுந்த வார்ப்புக் கலவைகளைப் பயன்படுத்தி இவ்வினையைக் கட்டுப்படுத்தலாம்.

இத்துறையில் இந்தியர்களின் பங்கு பெரிது. எம். கே. சூரப்பா, பி. கே. ரோகத்கி ஆகியோர் வார்ப்பு முறை அலுமினியக் கூட்டுப்பொருள்கள் பற்றி 1981-இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

தூள் உலோகவியல்

அலுமினியத் தூளையும் பீங்கான் தூளையும் கலந்து, அச்சில் அழுத்தி, உருகுநிலைக்குக் கீழே சூடேற்றிப் பிணைப்பர். அலுமினியத் துகள்களின் மேலுள்ள ஆக்சைடுப் படலம் பிணைப்பைத் தடுப்பதால், அடுத்து வெப்பநிலையில் பிதுக்கி அப்படலத்தை உடைப்பதும் உண்டு. உலோகம் முழுதும் உருகாததால் துகள்கள் படிவதில்லை. தீய வேதிவினையும் குறைவு. தூளின் விலையும் கருவிச் செலவும் அதிகம்.

ஊடுருவல் முறை

முதலில் பீங்கான் துகள்களால் நுண்துளைகள் கொண்ட ஒரு வடிவத்தைச் செய்து, அதன் இடைவெளிகளில் உருகிய அலுமினியத்தை அழுத்தத்தால் செலுத்துவர். கனவளவில் பாதிக்கும் மேலாகத் துகள்கள் தேவைப்படும் மின்னணு அடித்தட்டுகளுக்கு இது ஏற்றது. அவ்வளவு துகளைச் சேர்த்தால் உருகல் கெட்டியாகிவிடும் என்பதால், அங்கே கலக்கல் வார்ப்பு உதவாது.

உள்ளேயே உருவாக்கும் முறை

துகளை வெளியிலிருந்து சேர்க்காமல் உருகலுக்குள்ளேயே உருவாக்குவது இம்முறை. பொட்டாசியம் டைட்டானியம் புளோரைடு, பொட்டாசியம் போரோபுளோரைடு ஆகிய உப்புகளை உருகிய அலுமினியத்தில் இட்டால் டைட்டானியம் டைபோரைடுத் துகள்கள் உண்டாகின்றன. இவை மிக நுண்ணியவை. மேற்பரப்பில் மாசு இல்லாததால் உலோகத்துடன் நன்கு பிணைகின்றன. வினையில் மிஞ்சும் உப்புக் கசட்டை நீக்க வேண்டும். சென்னையில் அடையாற்றை அடுத்துள்ள ஐ.ஐ.டி. வளாகத்தில் பணியாற்றிய உலோகவியலாளர் பி. எஸ். மூர்த்தி இவ்வகைக் கூட்டுப்பொருள்களை ஆய்ந்தவர்களுள் ஒருவர்.

தரம் அறிதல்

நுண்துளையின் அளவை அடர்த்தியைக் கொண்டு கண்டறியலாம். கனவளவில் 10 விழுக்காடு சிலிக்கான் கார்பைடும் 90 விழுக்காடு அலுமினியமும் இருந்தால் எதிர்பார்க்கும் அடர்த்தி (0.9 × 2.70) + (0.1 × 3.20) = 2.75 ஆகும். நீரில் மூழ்க வைத்து அளந்த அடர்த்தி 2.67 எனில், ஏறத்தாழ 3 விழுக்காடு வெற்றிடம் உள்ளது. துகள்கள் சீராகப் பரவியுள்ளனவா என்பதை அடர்த்தி காட்டாது. அதற்கு வார்ப்பின் மேல், நடு, அடிப் பகுதிகளை வெட்டி நுண்ணோக்கியில் ஒப்பிட வேண்டும். கடினத்தன்மையை ஒரே இடத்தில் மட்டும் அளந்து முடிவுக்கு வருவது தவறான முடிவைத் தரக்கூடும்.

முறையைத் தேர்தல்

பெரிய, மலிவான வார்ப்புகளுக்குக் கலக்கல் வார்ப்பும், சீரான நுண்ணமைப்புக்குத் தூள் உலோகவியலும், மிகுதியான துகள் அளவுக்கு ஊடுருவல் முறையும், மிக நுண்ணிய துகள்களுக்கு உள்ளேயே உருவாக்கும் முறையும் பொருந்தும். கடினத் துகள்கள் வெட்டுக்கருவிகளை விரைவில் தேய்ப்பதால், வார்ப்புக்குப் பின் தேவைப்படும் எந்திர வேலைக்கு வைரக் கருவிகள் வேண்டியிருக்கும். எனவே முறையைத் தேரும்போது அச்செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.