ஒற்றைக் காலில் நிற்கும் வித்தை

சீசன் நேரத்தில் குற்றாலம் பேரருவியில் குளித்துவிட்டுத் திரும்புகிறவர்களின் பாதங்களைக் கவனியுங்கள். தரையெல்லாம் தண்ணீர். அங்கே யாரும் விறுவிறுவென்று நடப்பதில்லை. முழங்காலை லேசாக மடக்கி, ஒரு காலை முன்னால் வைத்து, பிடிமானம் கிடைத்த பிறகே உடம்பின் பாரத்தை அதில் இறக்குகிறார்கள். சீனாவின் தாய்ச்சிப் பயிற்சியில் சொல்லித்தரும் நடையும் ஏறக்குறைய இதேதான்.

நடக்கும் நேரத்தில் சுமார் 80 சதவீதம் நாம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். கண், உட்செவி, பாதத்திலும் கணுக்காலிலும் உள்ள உணர்நரம்புகள் ஆகிய மூன்றும் ஓயாமல் மூளைக்குச் சேதி அனுப்புவதால்தான் விழாமல் இருக்கிறோம். வயது ஏறும்போது சேதி தாமதமாகிறது. தொடைத் தசையும் மெலிகிறது. பாரம் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறும் அந்த நொடியில் தடுமாறுகிறோம்.

தற்காப்புக் கலையாகப் பிறந்த தாய்ச்சி அந்த நொடியைத்தான் நீட்டிப் பழக்குகிறது. வேகமாக நடந்தால் முன்னே போகும் விசையே தடுமாற்றத்தை மறைத்துவிடும். மெதுவாக நடக்கையில் அந்த உதவி கிடையாது. தொடையும் கணுக்காலும் முழுப் பாரத்தையும் தாங்கியாக வேண்டும். பார்ப்பதற்கு இதமாகத் தெரியும் அசைவு, செய்கிறவரின் தொடையை நடுங்க வைத்துவிடும்.

இதற்கு ஆய்வுகளின் பலமும் இருக்கிறது. அமெரிக்காவில் 195 பார்க்கின்சன் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. ஆறு மாதம் தாய்ச்சி செய்தவர்களின் சமநிலை, தசைகளை நீட்டும் பயிற்சி செய்தவர்களைவிட நன்றாகத் தேறியது. அவர்கள் விழுவதும் குறைந்தது. விழும் அபாயமுள்ள, எழுபது வயது கடந்த 670 பேரை வைத்து நடந்த 2018ஆம் ஆண்டு ஆய்விலும், நீட்டும் பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டால் தாய்ச்சிக் குழுவினர் விழுந்தது 58 சதவீதம் குறைவு. மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், 12 வாரத் தாய்ச்சி வழக்கமான பிசியோதெரபிக்கு இணையாக முழங்கால் வலியைக் குறைத்தது. மனச்சோர்வு பிசியோதெரபி செய்தவர்களைவிடக் கூடுதலாகவே தணிந்தது.

ஆலங்குளம், கடையம் பக்கம் மடியில் சுளகோடு தரையில் அமர்ந்து பீடி சுற்றியே முழங்கால் தேய்ந்த பெண்களை நினைக்கும்போது, தென்காசிச் சீமைக்கு இந்தப் பயிற்சி வந்து சேர வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. இதற்குக் கருவி வேண்டாம், மைதானம் வேண்டாம். வீட்டுத் திண்ணையும் சரியாகச் சொல்லித்தர ஒருவரும் போதும். கனமான நாற்காலியின் முதுகைப் பிடித்து நின்று, பாரத்தை வலக்காலுக்கும் இடக்காலுக்குமாக மெல்ல மாற்றிப் பழகுவதே முதல் பாடம். முழங்கால் வலியோ தலைச்சுற்றலோ உள்ளவர்கள் பிசியோதெரபிஸ்டைக் கேட்டுத் தொடங்குவது நல்லது.

வெளியே கிளம்பும் பெரியவர்களிடம் “பார்த்துப் போங்க” என்று சொல்லி அனுப்புகிறோம். பார்த்துப் போவதற்கான பலத்தை அவர்கள் கால்களுக்குத் தருவதும் நம் கடமை.