கொழுந்தும் உறக்கமும்

உறக்கத்தை இரண்டு விசைகள் ஆளுகின்றன. ஒன்று, விழித்திருக்கும் நேரம் நீள நீள மூளையில் சேரும் களைப்பு. மற்றொன்று, உடலுக்குள் ஓடும் நாள்கடிகாரம். பதுளைப் பக்கத்துப் பசறை, நமுனுகுலை, ஹப்புத்தளைத் தோட்டங்களில் பறிக்கப்படும் தேயிலைக் கொழுந்து முதலாவதன் மீது வேலை செய்கிறது. விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டுப் பிரட்டுக்கு (காலை வேலைப் பிரிப்புக்கு) போகும் வாழ்க்கை இரண்டாவதைச் சோதிக்கிறது.

மூளையின் நரம்புக் கலங்கள் ஆற்றலைச் செலவிடும்போது அடெனோசின் என்ற பொருள் மிஞ்சுகிறது. பகலெல்லாம் சேரும் அது, கலங்களின் மேலுள்ள ஏற்பிகளில் பற்றிக்கொண்டு விழிப்பைக் குறைக்கிறது. உறங்கும்போது அதன் அளவு இறங்குகிறது. விழிப்பைத் தளராமல் தாங்குவது ஒரெக்சின். 1998இல் கண்டறியப்பட்ட இந்தச் சமிக்ஞைப் பொருளைச் சுரக்கும் கலங்கள் அழிந்தவர்களுக்குப் பகலிலேயே அடக்க முடியாத தூக்கம் வரும்.

தேயிலைச் செடி பூச்சிகளிடமிருந்து தளிரைக் காக்கக் கஃபீனைச் சேர்த்து வைக்கிறது. அதனால் முற்றிய இலையைவிடக் கொழுந்தில் கஃபீன் அதிகம். வடிவில் அடெனோசினை ஒத்த கஃபீன், அதன் ஏற்பிகளில் போய் அமர்ந்து வழியை மறிக்கிறது. களைப்பு அப்படியே இருக்க, களைப்பின் செய்தி மட்டும் தடைப்படுகிறது. குடித்த கஃபீனில் பாதி நீங்கச் சுமார் 5 மணித்தியாலம் ஆகும். கர்ப்பிணிகளுக்கு இன்னும் கூடுதலாகும். கஃபீனைச் சிதைக்கும் ஈரல் நொதிக்கும் மூளையின் ஏற்பிக்கும் உரிய மரபணுக்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. மாலைத் தேத்தண்ணி ஒருவரின் தூக்கத்தைக் கெடுக்க, பக்கத்து லயத்தில் இருப்பவர் நன்றாக உறங்குவது இதனால்தான்.

நாள்கடிகாரத்தின் மரபணுவை 1971இல் பழ ஈக்களில் கொனொப்காவும் பென்சரும் அடையாளம் கண்டனர். அந்த மரபணு உண்டாக்கும் புரதம் இரவில் பெருகி, தன் மரபணுவையே நிறுத்துகிறது. புரதம் சிதைந்ததும் வேலை மீண்டும் தொடங்குகிறது. இந்தச் சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணித்தியாலம். இதன் இயக்கத்தை விளக்கிய ஹால், ரொஸ்பாஷ், யங் ஆகியோர் 2017இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதரில் இதையொத்த ஒரு மரபணு மாறியதால், முன்னிரவிலேயே உறங்கி விடியுமுன் விழிக்கும் குடும்பம் பற்றி 2001இல் அறிவிக்கப்பட்டது.

மூளையில் கண்நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலுள்ள சுமார் 20,000 கலங்களே தலைமைக் கடிகாரம். காலை வெளிச்சம் அதை நாள்தோறும் சரிசெய்கிறது. பதுளை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருப்பதால், ஆண்டு முழுவதும் 6 மணியை ஒட்டியே சூரியன் உதித்து அந்த வெளிச்சத்தைத் தருகிறது.

தேயிலைத் தொழிற்சாலையின் இரவு வேலையில் இரண்டு விசைகளும் முரண்படுகின்றன. விடிந்து வீடு திரும்புபவருக்குக் களைப்பு மிகுதி. கடிகாரமோ விழிக்கச் சொல்கிறது. ஆகவே பகல் தூக்கம் சீக்கிரம் கலைகிறது. படுக்கும் இடத்தை இருட்டாக வைத்து, வேலை முடியும் நேரத்தில் தேநீரைத் தவிர்த்தால் அந்தத் தூக்கம் சற்று நீளும்.