லத்தீனுக்குத் தமிழ் வழி

சென்னை அயனம்பாக்கத்திலிருந்து திருவேற்காடு வழியாகப் போனால் சில கிலோமீட்டரில் பூந்தமல்லி. அங்கே 1936-இல் தொடங்கிய திரு இருதயக் குருமடம் இருக்கிறது. குருமாணவர்கள் லத்தீனை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பே சொல்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-65) கூடும் வரை நம் ஊர்க் கோயில்களிலும் பூசை லத்தீனில்தான்.

இன்று குருமடத்துக்குப் போகாமலும் லத்தீன் பழகலாம். டுவோலிங்கோ செயலியில் 2019 முதல் பாடம் இருக்கிறது. ஆனால் அது ஆங்கிலம் வழியாக. தமிழருக்கு அது வேண்டாத சுற்றுவழி.

'புவெல்லே ரோசம் தோ' என்பது ஒரு லத்தீன் வாக்கியம். (ரோசப்பட வேண்டாம், ரோஜாவின் இரண்டாம் வேற்றுமை அது.) 'சிறுமிக்கு ரோஜாவைத் தருகிறேன்.' அங்கே மூன்று சொல், இங்கேயும் மூன்று சொல், வரிசையும் அதே. 'நான்' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, வினைமுற்றே காட்டிவிடுகிறது. இதையே ஆங்கிலத்தில் சொல்ல ஆறேழு சொல் வேண்டும்.

வேற்றுமை உருபு என்றால் என்னவென்று ஆங்கிலப் பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும். நமக்கு அது பள்ளிக்கூடத்திலேயே முடிந்த கதை. லத்தீனில் அடிப்படை வேற்றுமைகள் ஆறு, தமிழில் எட்டு. நாம் மூன்று, ஐந்து, ஏழு என்று பிரித்து வைத்திருப்பதில் பெரும்பகுதியை லத்தீன் ஒரே வேற்றுமையில் அடைத்துவிடுகிறது. 'வாளால்', 'ரோமிலிருந்து', 'தோட்டத்தில்' மூன்றும் அதில் அடக்கம்.

இந்தப் பொருத்தத்தை ஐரோப்பியர்கள் எப்போதோ பயன்படுத்திக்கொண்டார்கள். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு (பேச்சுத் தமிழுக்கு) லத்தீனில் எழுதிய இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் வந்தது. அந்தக் கத்தோலிக்கத் துறவியின் நூலை அச்சிட்டவர்கள் லுத்தரன் மிஷனரிகள். மதச் சண்டையை இலக்கணம் கொஞ்ச நேரம் ஒத்திப்போட்டிருக்கிறது. லத்தீன் தெரிந்தவருக்குத் தமிழ் சொல்லித்தரும் நூல்கள் இவை. தமிழ் தெரிந்தவருக்கு லத்தீன் சொல்லித்தர அதே வழியில் எதிர்த்திசையில் நடந்தால் போதும்.

எல்லாம் எளிது என்று சொல்லமாட்டேன். மேசை நமக்கு அஃறிணை, லத்தீனில் பெண்பால். பெயரடை இன்னும் படுத்தும். சிறுமி, சிறுமியை, சிறுமிக்கு என்று எப்படி மாறினாலும் நமக்கு 'நல்ல' மாறாது. லத்தீனில் 'நல்ல'வும் கூடவே உருபு ஏற்க வேண்டும். தமிழர் அதிகம் சறுக்கக்கூடிய இடம் இதுதான். பெயர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் பெயரடையோடு ஜோடியாகவே செய்வது நல்லது.

மொழிபெயர்ப்புப் பயிற்சியை நேரே தமிழில் எழுதிப் பாருங்கள், உருபை அடிக்கோடிட்டு. 'புவெல்லே' தனியாக நின்றால் சிறுமியின், சிறுமிக்கு, சிறுமிகள் மூன்றில் எதுவும் ஆகலாம். முதலில் வினையைத் தேடுங்கள், பெரும்பாலும் கடைசியில் இருக்கும். அது 'தருகிறேன்' என்றால், யாருக்கு என்ற கேள்வி தானாக எழும். 'சிறுமிக்கு' என்று எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போகலாம்.