முதல் சம்பளத்துக்கு முன்பே அரைக் கோடிக் கடன்

பள்ளிப்பட்டில் பொழுது விடிவதே தறிச் சத்தத்தில்தான். திருத்தணிக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். கொசஸ்தலை ஆறு ஓடும் இந்த வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும். ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் ரேணிகுண்டா என இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவில் இருப்பதால், அண்ணாந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு விமானம் அதிசயம் இல்லை. "நான் பைலட் ஆகப் போறேன்" என்று ஒரு பிளஸ் டூ மாணவியோ மாணவனோ சொன்னால் இன்று யாரும் சிரிப்பதில்லை. அடுத்த கேள்விதான் வீட்டையே அமைதியாக்கிவிடுகிறது: எவ்வளவு ஆகும்?

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

வணிக விமானி உரிமம், அதாவது சி.பி.எல். வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம் (டி.ஜி.சி.ஏ.) நடத்தும் தேர்வுகளில் தேற வேண்டும். ரேடியோவில் பேசுவதற்குத் தனி உரிமம் வேண்டும். முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பணத்தை விழுங்குவது இந்த 200 மணி நேரம்தான். உத்தரப்பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் மத்திய அரசு நடத்தும் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமியிலேயே பயிற்சிக் கட்டணம் சுமார் 45 லட்சம் ரூபாய். அரசு அகாடமியின் நிலையே இது.

ஏன் இவ்வளவு? பயிற்சி விமானம், என்ஜின், உதிரிபாகம் என்று பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து டாலர் கணக்கில் வருகின்றன. சிறிய பிஸ்டன் என்ஜின் விமானங்களுக்கான 'அவ்கேஸ்' எரிபொருளைக்கூட 2022 வரை நாம் இறக்குமதிதான் செய்துவந்தோம். அந்த ஆண்டில்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் வதோதரா சுத்திகரிப்பு ஆலையில் அதைத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. மழை பெய்தாலும், பனி மூடினாலும், விமானம் பழுதாகி நின்றாலும் பயிற்சி நிற்கும். விடுதி வாடகையும் சாப்பாட்டுச் செலவும் நிற்காது.

உரிமம் வாங்கினால் முடிந்துவிடுமா? இல்லை. ஏர்பஸ் 320 போன்ற குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டத் தனியாக 'டைப் ரேட்டிங்' எடுக்க வேண்டும். அதற்குச் சுமார் 15 முதல் 25 லட்சம் வரை ஆகிறது. பல நிறுவனங்களில் இந்தச் செலவும் விண்ணப்பிப்பவர் தலையில்தான் விழுகிறது. நிறுவனமே ஏற்றால், இத்தனை ஆண்டு வேலையை விட்டுப் போகமாட்டேன் என்று பாண்டு எழுதித் தர வேண்டியிருக்கிறது.

வீட்டுப் பத்திரமும் மாதத் தவணையும்

வங்கிகள் பின்பற்றும் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை பிணை தேவையில்லை. ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்தை ஈடாக வைக்க வேண்டும். ஆக, இந்தப் படிப்புக்குக் கடன் கேட்கும்போதே வீட்டுப் பத்திரமோ நிலப் பட்டாவோ வங்கி மேசைக்குப் போகிறது. அரைக் கோடிக்கு ஈடு வைக்கும் அளவுக்கு நெசவாளர் வீட்டில் என்ன இருக்கும்?

இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 50 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 15 ஆண்டுத் தவணை. மாதம் சுமார் 53,700 ரூபாய் கட்ட வேண்டும். 15 ஆண்டு முடியும்போது வங்கிக்குப் போன தொகை ஏறக்குறைய 97 லட்சம். உரிமம் கையில் இருந்தும் வேலை கிடைக்காமல் ஓராண்டு கழிந்தால், அந்த ஆண்டின் வட்டி மட்டும் 5 லட்சம்.

அப்படி ஓராண்டு கழிவது அரிதான விஷயமும் இல்லை. 2022-ல் 1,165 பேருக்கும், 2023-ல் 1,622 பேருக்கும் டி.ஜி.சி.ஏ. வணிக விமானி உரிமம் கொடுத்தது. அதே 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. செய்தியைப் படித்தவர்கள் விமானிகளுக்குப் பெரும் பஞ்சம் என்றே நினைத்தார்கள். ஆனால் ஆர்டர் கொடுத்த விமானங்கள் ஒரே நாளில் வந்து இறங்குவதில்லை. பல ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வருகின்றன. பஞ்சமும் பெரும்பாலும் கேப்டன்களுக்குத்தான். அதற்கான உரிமம் பெற 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். 200 மணி நேரத்தோடு நிற்பவருக்கு வரிசை நீளம்.

காத்திருக்கும் காலத்திலும் செலவு உண்டு. மருத்துவச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்து விமானத்தை ஓட்டும் தகுதிச் சோதனையையும் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலையில் இருப்பவருக்கு நிறுவனம் பார்த்துக்கொள்ளும். வேலை இல்லாதவர் கைக்காசைப் போட வேண்டும்.

சம்பளம் எப்படி வருகிறது?

விமானி என்றாலே மாதம் பல லட்சம் என்பது ஊரில் உள்ள எண்ணம். மூத்த கேப்டன்களைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் காக்பிட்டின் வலது இருக்கையில் புதிதாக உட்காருபவரின் நிலை வேறு. பயிற்சி முடியும் வரை பல இடங்களில் உதவித்தொகை மட்டுமே. அதன் பிறகு சம்பளம் இரண்டு பாகமாக வருகிறது: ஒன்று நிலையானது, மற்றொன்று பறந்த மணி நேரத்துக்கானது. மாதம் குறைந்தது இத்தனை மணி நேரத்துக்குப் பணம் உறுதி என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அந்த எண் குறைந்தால் வீட்டு பட்ஜெட் சரியும்.

2024 ஏப்ரலில் விஸ்தாரா விமான நிறுவனத்தில் நடந்தது இதுதான். ஏர் இந்தியாவோடு இணையும் முன், 70 மணி நேரமாக இருந்த உறுதித் தொகையை 40 மணி நேரமாக மாற்றும் புதிய ஒப்பந்தத்தை நிறுவனம் முன்வைத்தது. விமானிகள் எதிர்த்தார்கள். பலர் விடுப்பில் போக, விமானங்கள் ரத்தாகின. தினமும் இயக்கும் விமானங்களின் எண்ணிக்கையையே நிறுவனம் குறைக்க வேண்டிவந்தது.

கொரோனா காலத்தில் இண்டிகோ விமானிகளுக்கு 30 சதவீதம் வரை சம்பளம் வெட்டப்பட்டது. 2022 ஏப்ரலில் அதில் 8 சதவீதம் திரும்பக் கொடுக்கப்பட்டபோது, போதாது என்று வேலைநிறுத்தத்துக்குத் தயாரான சிலர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள்.

நிறுவனமே மூழ்கினால்? 2012-ல் கிங்ஃபிஷர் பல மாதச் சம்பள பாக்கியோடு நின்றது. 2019 ஏப்ரல் 17-ல் ஜெட் ஏர்வேஸ் நின்றது. விமானிகளுக்கு அதற்கு முன்பிருந்தே சம்பளம் வரவில்லை. ஐந்தரை ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 2024 நவம்பரில் அதைக் கலைத்துவிட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. ஒவ்வொரு முறையும் அனுபவமுள்ள நூற்றுக்கணக்கான விமானிகள் வேலை தேடி வெளியே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், இன்னும் முதல் வேலைக்கே போகாத இளைஞர்களின் வரிசை மேலும் நீண்டது.

பணியிடத்தையும் பெரும்பாலும் நிறுவனமே முடிவு செய்கிறது. டெல்லி, மும்பை, பெங்களூரு என்று எங்கே போட்டாலும் போக வேண்டும். அதிகாலை 3 மணிக்கு டியூட்டி என்றால் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே வீடு வேண்டும்; வாடகை அதிகம் உள்ள பகுதியும் அதுதான். மாதத் தவணையும் வாடகையும் போனபின் மிஞ்சுவதில் ஊருக்கும் அனுப்ப வேண்டும்.

பஃபலோ சொன்ன பாடம்

விமானியின் குறைந்த சம்பளம் அவர் குடும்பத்தின் கவலை மட்டுமே என்று நினைப்பவர்களுக்கு, 2009 பிப்ரவரி 12-ஐ நினைவூட்ட வேண்டும். அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன கோல்கன் ஏர் 3407 விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். துணை விமானிக்கு வயது 24. அவருடைய ஆண்டுச் சம்பளம் 24,000 டாலரைக்கூட எட்டவில்லை. நியூவார்க் பக்கம் வீடு எடுத்துத் தங்க வழியின்றி, நாட்டின் மறுகோடியில் சியாட்டில் அருகே பெற்றோர் வீட்டில் இருந்தார். விபத்துக்கு முந்தைய இரவு முழுவதும் சரக்கு விமானங்களில் தொற்றிக்கொண்டு பயணம் செய்து பணிக்கு வந்தார். முன்பு ஒரு காலத்தில் காபிக் கடையிலும் பகுதி நேரம் வேலை பார்த்திருந்தார்.

விபத்துக்கான காரணமாக, எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தவறாகச் செயல்பட்டதை விசாரணை வாரியம் சுட்டிக்காட்டியது. இருவருக்கும் களைப்பு இருந்திருக்கும் என்பதையும் அது பதிவு செய்தது. அமெரிக்க நாடாளுமன்றம் 2010-ல் சட்டம் இயற்றியது. துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் வேண்டும் என்ற விதி 2013-ல் வந்தது. ஓய்வு நேர விதிகளும் கடுமையாயின. பிறகு ஆள் கிடைக்காமல் போனபோது நிறுவனங்களின் கை தானாகத் திறந்தது. 2022-ல் என்வாய், பீட்மான்ட் போன்ற வட்டார விமான நிறுவனங்கள் முதலாண்டுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் தருவதாக அறிவித்தன. கொடுக்க முடியாது என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லப்பட்ட சம்பளம் அது.

இங்கேயும் 2025 டிசம்பரில் நாம் அந்த ஆள் பற்றாக்குறையின் ஒரு பக்கத்தைப் பார்த்தோம். விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தி, இரவுத் தரையிறக்கங்களையும் குறைத்த புதிய விதிகள் அதற்கு முந்தைய மாதமே முழுமையாக நடைமுறைக்கு வந்திருந்தன. அதற்கேற்ற ஆட்களை இண்டிகோ தயாராக வைத்திருக்கவில்லை. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் இருக்கும் நாட்டிலேயே, விமானிகள் போதாமல் பயணிகள் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்தார்கள்.

செய்ய வேண்டியது என்ன?

பட்டியல் வகுப்பு மாணவர்களுக்கான மத்திய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் விமானிப் பயிற்சிக்கும் இடம் தரப்பட்டது. ஆனால் தனியார் பயிற்சிக் கழகங்களுக்கு அது வைத்த உச்சவரம்பு ஆண்டுக்கு 3.72 லட்சம் ரூபாய். 45 லட்சத்துக்கு முன்னால் அது எந்த மூலைக்கு? இத்தகைய உதவி உண்மைச் செலவை ஒட்டி இருக்க வேண்டும். கர்நாடக அரசு பெங்களூரு ஜக்கூரில் சொந்தமாக விமானிப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. சேலத்திலும் கடப்பாவிலும் பயிற்சிப் பள்ளிகளுக்கு விமான நிலைய ஆணையம் 2022-ல் இடம் ஒதுக்கியது. சேலத்தில் ஏழை மாணவர்களின் கட்டணத்தை அரசே செலுத்தும் இடங்களைத் தமிழக அரசு உருவாக்கலாம். சொத்து இல்லாதவரின் கடனுக்கு அரசே பிணை நிற்கலாம். டைப் ரேட்டிங் செலவை, அந்த விமானத்தை வைத்துச் சம்பாதிக்கும் நிறுவனம் ஏற்க வேண்டும். பயிற்சிக் காலத்திலும் வாடகை கொடுத்து வாழும் அளவுக்குச் சம்பளம் தர வேண்டும்.

அதுவரை, பிள்ளையின் ஆசைக்குத் துணை நிற்கும் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். கட்டணம் கட்டும் முன் முதல் வகுப்பு மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள். அதில் தேறாவிட்டால் போட்ட பணம் வீண். பயிற்சிப் பள்ளியில் இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள், எத்தனை பயிற்றுநர்கள் என்று நேரில் போய் எண்ணிப் பாருங்கள். சென்ற ஆண்டு சேர்ந்த மாணவர் இதுவரை எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறார் என்று அவரிடமே கேளுங்கள். மொத்தப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள். டைப் ரேட்டிங்கையும், வேலைக்காகக் காத்திருக்க நேரும் ஓராண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுங்கள்.